தீராத பேட்டரி

வீடியோவில் கயிறு தொய்ந்து கிடக்கிறது. பச்சைத் தண்ணீருக்குள், பாறைக்கு மேலே, யாரும் பிடிக்காத கயிறு எப்படி ஆடுமோ அப்படிச் சோம்பலாக ஆடுகிறது. அதன் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். என் கையில் அது ஒரு நொடிகூடத் தொய்யவில்லை.

இதைச் சொன்னபோது விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கேமரா எதுக்குப்பா பொய் சொல்லப்போகுது? அதுக்கும் உமக்கும் என்ன பகை?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் தங்கை ஜெசிந்தா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடியில் மாட்டிய கேமரா என்பதால் படத்தில் முகம் வராது, கைகள்தான் வரும். பாறையிடுக்கில் துழாவிக்கொண்டிருந்த அந்தக் கைகள் அவள் புருஷன் கஸ்பாருடையவை. வீடியோ முடியும்போது அந்தக் கைகள் அசையாமல் நின்றன. அவள் எழுந்து, என்னைக் கடந்து, என் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பியை அந்த வேலைக்கு நம்ப மாட்டார்கள், அங்கே சொத்துப் பங்கு இருக்கிறது. மச்சானுக்கோ, கடலுக்குள் முங்கியிருப்பவன் தங்கையின் தாலி. தூக்கம் வந்தாலும், மூத்திரம் முட்டினாலும், புயலே வந்தாலும் அவன் கயிற்றை விட மாட்டான் என்பது கணக்கு. ஒரு முறை இழுத்தால் சங்குப் பையைத் தூக்கு. மூன்று முறை சடசடவென்று இழுத்தால் என்னைத் தூக்கு. ஜெசிந்தாவின் கல்யாணத்தில் மோதிரம் மாற்றி முடிந்த கையோடு கஸ்பார் புதுக் கயிறு ஒன்றை என் கையில் கொடுத்தான். பந்தலே கைதட்டியது.

ஆகவே, தொய்ந்த கயிறு என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். இன்னாசி தன் தங்கை புருஷனைக் கொன்றுவிட்டான்.

கேமரா எப்படி எங்கள் படகில் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். சட்டம் வந்தது. பதிவு செய்யும் கேமரா இல்லாமல் எவனும் கடலுக்குள் முங்கக் கூடாது. பதிவு இல்லாத சாவுக்கு நஷ்டஈடு கிடையாது. பதிவு இருந்தால் அதுதான் கடைசிச் சாட்சி. நல்ல சட்டம்தான் என்று நாங்களும் நினைத்தோம். அதற்கு முன்பு செத்தவனுக்கெல்லாம் சாராயம் குடித்திருந்தான் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆழ்விழி என்று ஒரு கம்பெனி கேமராவை வாடகைக்குக் கொடுத்தது. காற்று அடிக்கும் கம்ப்ரசரும் அவர்களுடையது, அந்தக் காற்றைக் கீழே கொண்டுபோகும் ஹோஸும் அவர்களுடையது, காப்பீடும் அவர்கள் வழியாகத்தான். சொந்தமாகவும் பத்துப் பன்னிரண்டு படகு விட்டார்கள். அந்தப் படகுகளில் மச்சானும் கிடையாது, மயிரும் கிடையாது. கயிறு இருக்க வேண்டும் என்று விதி சொல்வதால் ஒரு முனையை இரும்பு வளையத்தில் முடிந்துவிட்டு, ஓர் ஆள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாங்கள் மட்டும் பழையபடி கையில் பிடித்தோம். அவர்கள் எங்களைப் பார்த்து, "என்ன இன்னாசி, பட்டம் விடுதியா?" என்று கிண்டல் செய்வார்கள்.

கேமரா வந்த நாள்முதல் தொல்லைதான். சார்ஜ் ஏறாது. ஏறினால் நிற்காது. சார்ஜ் போடும் ஓட்டையில் உப்புப் பூத்துப் பச்சை பிடித்துவிடும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தோம், மண்ணெண்ணெயில் துடைத்தோம். பேட்டரி வெயிலில் அப்பளம் மாதிரி உப்பியது. கார்டைப் போட்டால் கார்டு இல்லை என்று சொல்லும், எடுத்து ஊதிப் போட்டால் கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லும். பாதி முங்கலில் அணைந்துவிடும். அணைந்தால் பதிவு இல்லை. பதிவு இல்லாத முங்கலில் எடுத்த சங்கை விற்க முடியாது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சர்வீஸ் சென்டரில் வாராவாரம் வரிசையில் நின்றோம். பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது, கார்டு போதவில்லை என்று ஊரே கத்தியது. நானும் கஸ்பாரும்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினோம்.

கம்பெனி காது கொடுத்துக் கேட்டது. அதுதான் வினை. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அதே பேட்டரி, அதே கார்டு. ஆனால் காலையில் போட்டால் சாயங்காலம் வரை அணையவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கஸ்பார் சர்வீஸ் சென்டருக்கு அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

கஸ்பார் செத்த அன்று நடந்தது இது. கஸ்பார் முங்கினான். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். கம்ப்ரசரோடு வரும் கம்பெனி ஆள் அருளப்பன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பை இரண்டு முறை மேலே வந்தது. மூன்றாவது முறை கயிறு ஒருமுறை இழுக்கப்படும் என்று காத்திருந்தேன். மூன்று முறை சடசடவென்று வந்தது. இழுத்தேன். வரவில்லை. ஏதோ அவனைக் கீழே பிடித்து வைத்திருந்தது. காலைப் படகின் விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. தண்ணீரில் குமிழி வருவது நின்றது. "காத்தைக் கூட்டுல!" என்று அருளப்பனிடம் கத்தினேன். அவன் ஏதோ ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான். பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் குதித்துக் கயிற்றை அறுத்து, கஸ்பாரைக் கட்டிக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அருளப்பன் விசாரணையில் தான் எதையும் பார்க்கவில்லை என்றான். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவன் கண் வேறு எங்கே பார்க்கும்? என் உள்ளங்கையைக் காட்டினேன். உடலைத் தூக்கும்போது பட்டிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். வீடியோவில் கயிறு தொய்ந்திருக்கிறது, கயிறு பிடித்தவரின் கவனக்குறைவு, கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. அடுத்த விசாரணையோடு முடிந்துவிடும் என்றார்கள்.

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றாள். கையில் போன். அந்த வீடியோவை அவளுக்கும் அனுப்பியிருந்தார்கள், குடும்பத்தின் உரிமையாம்.

"நான் விடலட்டி. சத்தியமாச் சொல்லுதேன், நான் விடல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உன் கையை நம்பித்தான அனுப்புனேன்?"

"அந்த வீடியோல ஏதோ தப்பு இருக்கு."

"எதுல தப்புண்ணே? இந்தக் கை அவிய கை இல்லியா? இந்த மோதிரம் நான் போட்ட மோதிரம் இல்லியா?" போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கயித்தைப் பாரு. நீயே பாரு. தூங்கிட்டியா? போன் பேசுனியா? சொல்லிரு. சொல்லிட்டாலாவது அழுதுட்டு விட்டுருவேன்."

செய்யாததை எப்படிச் சொல்வது? அவள் கதவைச் சாத்தினாள். தெருவில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை உதைத்து உடைத்திருப்பேன். அது கஸ்பார் போட்ட கதவு என்பதால் விட்டேன்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். முதலில் பொய் என்று காறித் துப்பிக்கொண்டே பார்த்தேன். பிறகு உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ ஆயிற்று. ஒருவேளை விட்டுவிட்டேனோ? பீடியை எடுக்கக் கயிற்றைக் காலில் சுற்றினேனோ? சுற்றியது போலவே ஞாபகம் வர ஆரம்பித்தது. தீக்குச்சியின் வாசனைகூட வந்தது. நான் பீடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது! என் கை ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது, நடுவில் நான் பைத்தியக்காரன் மாதிரி நின்றேன். மனிதனைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி இருக்கிறதா என்று தெரியவில்லை. கையை வெட்ட வேண்டாம். அது உன் கை இல்லை என்று திரும்பத் திரும்பக் காட்டினால் போதும்.

இனித் தாங்காது என்று கேமராவை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். விசாரணைக்காரர்கள் கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டு கேமராவைக் குடும்பத்திடம் கொடுத்திருந்தார்கள். ஜெசிந்தா அதை வீட்டில் வைக்கப் பிடிக்காமல் மாதா கோவில் உபதேசியாரிடம் கொடுத்திருந்தாள். அவர் எனக்குத் தர யோசித்தார். நான் கேட்ட விதத்தில் தந்துவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் ஹசீனா இருந்தாள். எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண். கஸ்பாரின் அல்வாவைத் தின்றவர்களில் அவளும் ஒருத்தி.

"உடைச்சுப் பாத்துச் சொல்லு. இதுல என்ன கோளாறு?" என்றேன்.

"கோளாறு ஒண்ணும் இருக்காதுண்ணா. நல்லா ஓடுன கேமரா."

"நல்லா ஓடுன கேமராவா? பாத்தியா நீ அந்த வீடியோவை?"

அவள் பேட்டரியைக் கழற்றி ஒரு சின்னக் கருவியில் செருகினாள். திரையில் கோடு ஒன்று விழுந்தது. அவள் புருவம் ஏறியது.

"பேட்டரியை எங்க வச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டில."

"ஐஸ் பெட்டியிலயா! மீனாண்ணா அது?"

எனக்கு எரிந்தது. "வெயில்ல வீங்குது, குளிர்ச்சியா வையுங்கன்னு நீங்கதான சொன்னிய? நடுக்கடல்ல குளிர்ச்சிக்கு நான் எங்க போவேன்? ஊட்டிக்கா? டிபன் பாக்ஸ்ல போட்டு, மீனுக்குப் பக்கத்துல வச்சோம். எங்க தெருவே அப்படித்தான் வைக்குது."

"தெருவேவா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, ஐஸ்ல இருந்து எடுத்த பேட்டரி முழுசா இருக்க மாதிரி காட்டும். வேலை குடுத்த உடனே படுத்துரும். தண்ணிக்குள்ள இன்னும் மோசம். இதுவும் அப்படித்தான் படுத்திருக்கு. முங்குன கொஞ்ச நேரத்துலயே."

"படுத்துருச்சுன்னா கேமரா அணைஞ்சிருக்கணும்ல? கடைசி வரைக்கும் படம் ஓடுதே?"

ஹசீனா எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பழைய கேமராவா இருந்தா அணைஞ்சிருக்கும். இது அணையாது. அணையக் கூடாதுன்னு நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டோம். அதுக்கு?"

"சார்ஜ் குறைஞ்சா இது கண்ணை மூடிக்கும். எப்பவாவது ஒரு தடவை தொறந்து ஒரு படம் எடுத்துட்டு மறுபடியும் மூடிக்கும். நடுவுல உள்ளதை அதுவே வரைஞ்சு சேத்துக்கும்."

"வரைஞ்சுன்னா?"

"பாட்டு கேட்டுட்டு இருக்கோம், கரண்ட் போயிருது. மிச்சத்தை நம்மளே மனசுக்குள்ள பாடிக்குவோம்ல, அப்படி."

"தெரிஞ்ச பாட்டா இருந்தாத்தான பாட முடியும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. அதுக்குத் தெரிஞ்ச பாட்டு கம்பெனிப் படகோட முங்கல்தான். ஆயிரக்கணக்குல அதைக் காட்டித்தான் பழக்கியிருக்காங்க."

கம்பெனிப் படகு. இரும்பு வளையத்தில் முடிந்த கயிறு. அது எப்போதும் தொய்ந்துதான் கிடக்கும். மனிதன் கையில் பிடித்த கயிறு எப்படி இருக்கும் என்று அந்தக் கேமராவுக்கு யாரும் பழக்கவே இல்லை. எங்கள் முங்கலைக் காட்டிப் பழக்கியிருந்தால்தானே!

நாற்காலியைத் தூக்கி அடித்தேன். கண்ணாடி அலமாரி நொறுங்கியது. ஹசீனா ஓரமாக ஒதுங்கி நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"அது நெசமா எடுத்த படம் ஒண்ணு ரெண்டு இருக்கும்ல? அதைக் காட்டு. அதுல கயிறு எப்படி இருக்குன்னு பாப்போம்."

"இல்லண்ணா. கார்டுல இடம் போதலைன்னும் கத்துனீங்கல்ல? வரைஞ்சு முடிச்சதும் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து சுருக்கிரும். எது எடுத்தது, எது வரைஞ்சதுன்னு இனி யாராலயும் பிரிக்க முடியாது."

"அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"பேட்டரி சொல்லுது. இவ்வளவு நீளப் படம் எடுக்க இந்த மின்சாரம் பத்தவே பத்தாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அதை விசாரணையில வந்து சொல்லு."

அவள் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். "என் சம்பளத்துலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. நான் சொன்னேன்னு நீங்க சொன்னா, இல்லன்னு சொல்லிருவேன்."

"நல்லாருக்கு! எல்லாரும் நல்லாருங்க!"

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா. ரகுநந்தன் சார் வருவார்ல, கம்பெனியிலேர்ந்து? அவர்கிட்ட குத்தம் சொல்லாதீங்க. இத்தனூண்டு சார்ஜ்ல இவ்வளவு படம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. அவர் ஒளிக்க மாட்டார். அதைக் கண்டுபிடிச்சதே அவர்தான்."

அந்தப் பெண்ணை அன்று மனதாரத் திட்டினேன். இன்றும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னபடியே நடந்தது.

இரண்டாவது விசாரணைக்குக் கூடம் நிறைந்திருந்தது. ஜெசிந்தா கறுப்புச் சேலையில் முன்வரிசையில், எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். ரகுநந்தன் நல்ல மனிதனைப் போலத்தான் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. வந்ததும் ஜெசிந்தாவைக் கும்பிட்டு ஆறுதல் சொன்னார். எனக்கு அவரைப் பார்த்ததும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஹசீனா சொன்னது ஞாபகம் வந்து வாயை அடக்கினேன்.

"பேட்டரில சார்ஜ் இல்லாம படம் எப்படி சார் ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாவு விசாரணை என்பதே மறந்துபோயிற்று. உலகத்தில் எந்தக் கேமராவும் இதைச் செய்ததில்லை என்றார். பேட்டரிக்கு எல்லை உண்டு, கார்டுக்கு எல்லை உண்டு, ஆனால் கற்றுக்கொள்வதற்கு எல்லை இல்லை என்றார். விடுபட்ட இடங்களை ஆழ்விழி நிரப்பிக்கொள்ளும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு உண்மையோடு ஒத்துப்போகும், சோதித்துச் சான்றிதழே வாங்கியிருக்கிறோம் என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ அந்தக் கயிறு?"

"கயிறும் நிரப்பப்பட்டதா இருக்கலாம் சார். வாய்ப்பு இருக்கு."

"இருக்கலாமா?" நான் எழுந்துவிட்டேன். "இருக்கலாமாவே! ஊரே என்னைக் கொலைகாரன்னுது. என் தங்கச்சி என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கா. நானே என்னை நம்பாமப் போயிட்டேன். நீரு இருக்கலாம்னு சொல்லுதீரு?"

"உக்காருய்யா," என்றார் அதிகாரி. குரலில் பழைய சூடு இல்லை.

ரகுநந்தன் கோபப்படவில்லை. அவர் வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க வேதனை புரியுது. அதனாலதான் நாங்களே முன்வந்து ஒண்ணு செஞ்சிருக்கோம்," என்றார். பழைய நிரப்பலில் கையால் பிடிக்கும் கயிறு பற்றிய பழக்கம் இல்லை என்பதை அவர்களே கவனித்துவிட்டார்களாம். புதிய மென்பொருளுக்கு அதையும் கற்றுக்கொடுத்து, அதே கார்டைத் திரும்ப நிரப்பியிருக்கிறார்களாம். இன்னும் துல்லியமாம்.

திரையில் ஓடியது. அதே பச்சைத் தண்ணீர், அதே பாறை, அதே மோதிரம். இப்போது கயிறு விறைப்பாக நின்றது. ஒருவன் மேலே பிடித்து இழுக்கிற கயிறு. கூடத்தில் ஒரு சலசலப்பு. என் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோளைத் தட்டினான். நான் இத்தனை நாளும் தொண்டை வறளக் கத்திய உண்மை அங்கே அச்சாக ஓடிக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்த ஆளின் காலில் விழக்கூட நினைத்தேன்.

பிறகு கஸ்பாரின் கை உயர்ந்தது. உள்ளங்கையை விரித்து, பொறு என்று மேலே காட்டியது. கயிறு இழுத்தது. கை மறுபடியும் பொறு என்றது. இடுப்பிலிருந்த முடிச்சைத் தளர்த்தியது. பாறைக்கு அடியில் ஒரு பெரிய சங்கு இருந்தது. கை அதை நோக்கிப் போனது.

"அதாவது, கயிறு பிடிச்சவர் மேல தப்பு இல்ல," என்றார் ரகுநந்தன். "மேலேயிருந்து கயிறு இழுத்த சைகையை இறந்தவர் மதிக்காம, கூடுதலா ஒரு சங்குக்காக உள்ள போயிருக்கார். இயல்பான ஆசைதான். யாரையும் குத்தம் சொல்லல."

ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காற்று நின்றதைப் பற்றி இல்லை. முதலில் நான் குற்றவாளி, இப்போது செத்தவன் குற்றவாளி. எந்தப் பக்கம் நிரப்பினாலும் அவர்கள் பாத்திரம் மட்டும் கவிழாது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உம்ம பேரு சுத்தமாயிட்டுல்லப்பா? இதை ஏத்துக்கிட்டா கேஸை முடிச்சிரலாம். என்ன சொல்லுதீரு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஜெசிந்தா கதவைத் திறப்பாள். அவளுக்குப் புருஷன்மேல் கோபம் வரும், என்மேல் இருக்காது. சொல்லிவிடத் தோன்றியதா என்றால், தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கஸ்பார் அப்படிப் பொறு என்று கை காட்டுகிறவன் இல்லை. கயிறு இழுத்தால் கையிலிருக்கும் சங்கைக்கூடப் போட்டுவிட்டு வருவான்.

"இதுவும் பொய்," என்றேன். "மூணு தடவை இழுத்தது அவன். வர முடியாம மாட்டிக்கிட்டு இழுத்தான். நான் சொல்லுததை எழுதுங்க, இல்லன்னா ஒண்ணும் எழுதாதீங்க."

"எந்த வீடியோவுமே உமக்குப் பிடிக்காதா?" என்று அதிகாரி சலித்துக்கொண்டார்.

அப்போது ஜெசிந்தா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரகுநந்தனுக்கு நேரே போய் நின்றாள். குரல் மிகவும் தணிவாக இருந்தது.

"சார், இது எதை வேணும்னாலும் நிரப்புமா?"

"எதை வேணும்னாலும்னு இல்லம்மா. நடக்கக்கூடியதை நிரப்பும்."

"அவிய மேல ஏறி வர்றது நடக்கக்கூடியதுதான சார்? தினம் வந்தாவளே. எங்க அண்ணன் கை குடுத்துத் தூக்கும். படகு விளிம்பைப் பிடிச்சு ஏறி, மூச்சு வாங்கிட்டு, தண்ணி கேப்பாவ. அப்படி நிரப்ப முடியுமா?"

கூடத்தில் பெண்கள் யாரோ விம்மினார்கள். ரகுநந்தனின் கண்களும் கலங்கின. நிஜமாகவே கலங்கின, அதை நான் மறுக்க மாட்டேன். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி ஆறுதலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"முடியும்மா," என்றார். "தாராளமா முடியும். அவர் குரலோடவே பண்ணித் தரலாம். பாத்தா வித்தியாசமே தெரியாது. நானே கூட இருந்து செஞ்சு தர்றேன்."

"சரி சார். அதைப் பண்ணி இந்தக் கேஸ்லயே போடுங்க."

"கேஸ்லயா?"

"ஆமா. அய்யா முதல் படத்தை நம்புனாவ, எங்க அண்ணன் குத்தவாளி. ரெண்டாவது படத்தை நம்புதாவ, எங்க வீட்டுக்காரரு குத்தவாளி. மூணாவதா இதையும் நம்பட்டும். அதுக்கும் சான்றிதழ் இருக்குல்ல? கீழ கையெழுத்துப் போடுங்க." இப்போது அவள் குரல் ஏறியது. கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. "போட்டுட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புங்க! படத்துல படகுல ஏறுன மனுசன் எங்க? கல்லறையில யாரு படுத்திருக்கா? சட்டத்துல உயிரோட இருக்காவல்ல, கூட்டிட்டு வாங்க! எம் பிள்ளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வந்து காட்டுங்க!"

ரகுநந்தன் வாயைத் திறந்தார். முடியும் என்று அவர் சொன்னதை அதிகாரி ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. திரையை அணைக்கச் சொன்னார். இரண்டு வீடியோவையும் சாட்சியத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஹோஸும் கம்ப்ரசரும் எங்கே இருக்கின்றன, இன்றைக்கே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ரகுநந்தனைக் கேட்டார். முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஜெசிந்தா திரும்பினாள். இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, நீ சொல்லு. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

எனக்குத் திரும்பவும் கோபம் பொங்கியது. "இப்பக் கேக்கியா? இத்தனை நாள் உன் வாசல்ல நாய் மாதிரி நின்னேனே, அப்ப எங்க போச்சு இந்தக் கேள்வி? ஒரு பொட்டி சொன்னதை நம்புன, கூடப் பொறந்தவன் சொன்னதை நம்பலியே?"

"நம்பல," என்றாள். "தப்புத்தான். இப்பச் சொல்லு."

சொன்னேன். பை இரண்டு முறை வந்ததிலிருந்து சொன்னேன். கயிறு மூன்று முறை சடசடத்ததை, நான் காலை உதைத்து இழுத்ததை, குமிழி நின்றதைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கீழ அவியளைப் பிடிச்சு வச்சது என்னது? கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாவளா?"

எதையாவது சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். அவளுக்கும் எனக்கும் நல்லதாக ஏதாவது. கூடமே காத்திருந்தது.

"தெரியலட்டி," என்றேன். "அது எனக்குத் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.